குடாநாட்டுக் காற்றின் கணக்கு

பத்திரிகை அலுவலகங்களில் நான் பணியாற்றிய காலத்தில் வானிலைச் செய்திக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. காற்று எந்தத் திசையிலிருந்து, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசும் என்று ஒரு வரி வரும். அந்த எண் ஒரு சராசரி என்பதை நாங்கள் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. கடலுக்குப் போகிறவனைக் கவிழ்ப்பதும் கூரையைப் பிடுங்குவதும் சராசரிக் காற்றன்று. அதற்குள் எழுந்து அடங்கும் கொந்தளிப்பே. நிலத்தை ஒட்டிய காற்றின் இந்தக் கொந்தளிப்பை அளப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பக்கம் பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கிறது.

நம்மவர்கள் காற்றை அறியாதவர்கள் அல்லர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்தார்கள். அதைக்கொண்டே பருவத்தையும் கடற்பயணத்தையும் கணித்தார்கள். வாடைக் காலத்தில் வடமராட்சி வானில் விண் பூட்டிய பட்டங்கள் இரவிரவாகக் கூவும். முற்றத்தில் ஓர் இலைகூட அசையாத இரவிலும் மேலே பட்டம் நிலைத்து நின்று கூவுவதைக் கேட்டவர்கள் பலர் இருப்பர். இதற்குப் பௌதிகம் தரும் விளக்கம் எளியது. பகலில் வெயிலால் சூடேறிய நிலம் காற்றைக் கீழிருந்து கிளறுகிறது. சுழிகள் எழுந்து மேற்காற்றையும் கீழ்க்காற்றையும் கலக்கின்றன. இரவில் நிலம் குளிர, கனத்த குளிர்காற்று கீழே படிகிறது, சுழிகள் அடங்குகின்றன. நிலத்தின் உராய்விலிருந்து விடுபட்ட மேற்காற்றோ வேகம் கொள்கிறது.

உலகத்தில் இந்த ஆராய்ச்சியும் பட்டத்திலிருந்துதான் தொடங்கியது. பாட்னாவில் பேராசிரியராக இருந்து இங்கிலாந்து திரும்பிய டக்ளஸ் ஆர்ச்சிபால்ட் 1880களில் பட்டக் கயிற்றில் காற்றுவேகமானிகளைக் கட்டி, உயரத்தோடு காற்றின் வேகம் கூடுவதை அளந்தார். டைட்டானிக் மூழ்கியதன் பின் பனிப்பாறைகளைக் கண்காணிக்க 1913இல் அனுப்பப்பட்ட ஸ்கோஷியா கப்பலில் ஜி. ஐ. டெய்லர் பட்டங்களை ஏற்றி வெப்பத்தை அளந்தார். அந்த அளவீடுகளிலிருந்தே, சுழிகள் வெப்பத்தையும் வேகத்தையும் எவ்வாறு கடத்துகின்றன என்னும் அவரது 1915ஆம் ஆண்டுக் கட்டுரை பிறந்தது. 1954இல் சோவியத் அறிஞர்களான மோனினும் ஒபுகோவும் உராய்வையும் வெப்பத்தையும் ஒரே கணக்கில் இணைத்தனர். 1968இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அறுவடை முடிந்த கோதுமை வயலொன்றில் 32 மீற்றர் கம்பம் நாட்டி, ஒலியின் மூலம் காற்றை அளக்கும் கருவிகளைப் பொருத்தி அக்கணக்கைச் சோதித்தார்கள். இன்றைய வானிலை மாதிரிகள் பலவற்றுக்கும் அந்த வயலே அடித்தளம்.

கன்சாஸைத் தேர்ந்ததற்குக் காரணம், அந்த நிலம் சமதளமானது என்பதோடு ஒரே சீரானது என்பதுமாகும். குடாநாடும் சமதளம்தான்; ஆனால் சீரானதன்று. கடல், மணல், பனங்கூடல், கிடுகுவேலி, தோட்டம், வயல், நீரேரி என்று சில கிலோமீற்றருக்குள் தரை பலமுறை மாறுகிறது. நீரேரியின் வழுவழுப்பான பரப்பைக் கடந்து வரும் காற்று பனங்கூடலில் மோதும்போது அதற்குள் புதியதொரு கொந்தளிப்புப் படை உருவாகி, போகப் போக உயர்கிறது. இங்கே ஒரு கம்பத்தின் அளவை அடுத்த ஊருக்குப் பொருத்துவது எளிதன்று.

போர்க்காலத்தில் காற்றை அளக்கக் கம்பம் நாட்டுவதை எவரும் நினைத்திருக்க முடியாது. நாட்டப்பட்டவை காவலரண்களே. அவற்றுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. பனையின் அழிவைப் பொருளாதார இழப்பாகவும் பண்பாட்டு இழப்பாகவும் எழுதியிருக்கிறோம். அது காற்றின் கணக்கையும் மாற்றும் என்பதை எவரும் எழுதியதாக நான் அறியேன். தடை நீங்கிய தரையில் காற்று தாழ்வாகவும் வேகமாகவும் வீசும்; மண்ணின் ஈரத்தை விரைவில் உலர்த்தும்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இலங்கைக்கும் மாலைதீவுக்குமான காற்றுவள வரைபடத்தை வெளியிட்டது. கணினி மாதிரியின் துணையோடு வரையப்பட்ட அந்நூல், இலங்கையின் காற்றுவளம் மிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ 20,000 மெகாவாட்டுக்கு இடமுண்டு என்று மதிப்பிட்டது. கற்பிட்டி முதல் மன்னார், யாழ்ப்பாணம் வரையான கரையோரமும் அந்தப் பரப்பில் அடங்கும்.

அதன்பின் 2014இல் பளைப் பகுதியில் தலா 10 மெகாவாட் வலுவுடைய இரு காற்றாலைத் தொகுதிகள் எழுந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்றது. 2024இல் இந்திய நன்கொடையில் மீண்டும் ஒப்பந்தமானது. அதில் காற்றின் பங்கு 530 கிலோவாட். இவ்வளவு சிறிய காற்றுக்கு இரண்டு வல்லரசுகளின் போட்டி! பத்திரிகைகள் அந்தப் போட்டியைத்தான் எழுதின. காற்றை எழுதவில்லை.

காற்றின் வலு அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகக் கணிப்பில் பத்து வீதம் கூட்டிச் சொன்னால் மின்கணிப்பு முப்பத்துமூன்று வீதம் கூடிவிடும். கொந்தளிப்பைக் குறைத்து மதிப்பிட்டால் அலகுகளும் பற்சக்கரங்களும் காலத்துக்கு முன்பே தேய்ந்துபோகும். எனவே அளவீடு என்பது அறிஞர்களின் பொழுதுபோக்கன்று. மின்கட்டணம் செலுத்துகிறவனின் காரியமும் ஆகும். டீசல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் சுன்னாகத்துக் கிணறுகளை எப்படி நஞ்சாக்கியது என்பதை நாம் கண்டோம். 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கிணற்று நீரையே நம்பிய மண்ணுக்கு, காற்று மாற்று வழிகளில் ஒன்று.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி, டி. ஏ. மூலேயுடன் சேர்ந்து 1983இல் இந்தியாவின் காற்றுத் தரவுகளை நூலாக வெளியிட்டார். அது யாரும் விலைகொடுத்து வாங்கிப் படிக்கக்கூடிய நூல். இங்கோ முதலீட்டாளர் நாட்டும் கம்பத்தின் தரவு முதலீட்டாளரின் பெட்டகத்துக்குள் போகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. பளையில் ஒன்று, வடமராட்சிக் கரையில் ஒன்று, தீவகத்தில் ஒன்று என மூன்று கம்பங்களைப் பத்தாண்டுகள் பராமரித்துத் தரவை எல்லோருக்கும் வெளியிட்டால் போதும். கோயிற் கோபுரங்களுக்குக் கோடி கொடுக்கும் புலம்பெயர் தமிழருக்கு இது பெரிய செலவன்று. பெயர் பொறித்த கல் வேண்டுமென்றால் கம்பத்தின் அடியிலும் ஒரு கல் பதிக்கலாம்.