தையலுக்கு முன்பே

புதிதாக பிராண்டு தொடங்குகிறவர்கள் திருப்பூர் வந்தால் முதலில் தையல் மெஷின் வரிசையைத்தான் பார்க்கிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வரும்?" என்று கேட்கிறார்கள். ஆனால் ஒரு டி-ஷர்ட் அந்த வரிசைக்கு வந்து சேர்வதற்குள் அதன் தலையெழுத்தில் முக்கால்வாசி எழுதப்பட்டிருக்கும்.

கருநீல வட்டக்கழுத்து டி-ஷர்ட், 1,000 பீஸ் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். துணி 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை. கிலோவுக்கு நான்கைந்து பீஸ் விழும். ஆக, 200 முதல் 250 கிலோ துணி வேண்டும். இந்தக் கணக்கு நூலில் தொடங்குகிறது. மில்கள் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிப்பது இங்கே வழக்கம். ஜனவரியில் பேசிய விலை மார்ச்சிலும் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தைத்துக் கொடுக்கும் கம்பெனிக்காரர் அட்வான்ஸ் கேட்பது இதனால்தான். நூலை உடனே வாங்கிப் போட்டால்தான் அவர் சொன்ன விலையை அவரால் காப்பாற்ற முடியும்.

நூல் நிட்டிங்கில் வட்ட மெஷின் ஏறி, குழாய் வடிவத் துணியாகச் சுருண்டு இறங்கும். அதில் ஓர் ஊசி முறிந்தால்கூடத் துணி நெடுக ஒரு கோடு விழுந்துவிடும்.

அடுத்தது சாயப்பட்டறை. பெரும்பாலும் இது வேறொருவருடைய இடம், வேறொருவருடைய வரிசை. முதலில் சிறு துண்டில் நிறம் போட்டு லேப் டிப் அனுப்புவார்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள். செல்போன் படத்தை நம்பிச் சரி சொல்லாதீர்கள். ஒரே கருநீலம்தான் என்றாலும் இன்று போட்ட சாயமும் அடுத்த மாதம் போடும் சாயமும் முழுக்க ஒன்றாகாது. அதனால் உடம்புத் துணியையும் கழுத்து ரிப்பையும் ஒன்றாகவே சாயத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். 1,000 பீஸை ஐந்து நிறமாகப் பிரித்தால் நிறத்துக்கு 40 முதல் 50 கிலோதான் வரும். மெஷின் எடுத்துக்கொள்ளும் நேரமோ ஏறக்குறைய அதேதான். குறைந்தபட்ச ஆர்டர் என்று கம்பெனி பிடிவாதம் பிடிப்பது இந்தக் கணக்கால்.

சாயக்கூலி அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் நொய்யல் ஆற்றை நினைக்க வேண்டும். அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழேயுள்ள விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது. அந்தச் செலவு கூலியில் சேர்ந்திருக்கிறது. அது நியாயமான செலவு.

சாயம் முடிந்த துணியைக் காம்பாக்டிங்கில் நீளவாக்கில் சுருக்கிக் கொடுப்பார்கள். இதில் அவசரப்பட்டால், வாங்கியவர் வீட்டில் முதல் துவைப்பிலேயே சட்டை குட்டையாகும். கட்டிங்குக்கு முன் ஒரு துண்டைத் துவைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டிங் முடிந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு தையல். ஓவர்லாக்கில் தோளும் பக்கமும் சேரும், பேட்லாக்கில் கீழ்மடிப்பு விழும், கைமடிப் பெண்கள் பீஸை எடுத்துக் கொடுத்து அடுக்குவார்கள். எல்லாம் வேகமாக நடக்கும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பினால்தான் வரிசை ஓடும்.

கடைசிச் சோதனையில் 1,000 பீஸையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். வழக்கமான ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 முறைப்படி 80 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறை ஐந்து பீஸ் வரை இருந்தால் சரக்கு தேறும், ஆறானால் தேறாது. எனவே பெட்டிக்குள் சில குறைப் பீஸ்கள் இருக்கவே செய்யும். அதற்கும் சேர்த்துத்தான் விற்பனை விலை போட வேண்டும்.

பீஸுக்கு இன்னும் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லும்போது, அதை எங்கே வெட்டப் போகிறீர்கள் என்று கம்பெனிக்காரரிடம் கேளுங்கள். துணி எடையிலா, காம்பாக்டிங்கிலா, கைமடிப் பெண்ணின் கூலியிலா? தெளிவான பதில் வராத விலைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.