முக்குழல் துப்பாக்கியும் அதன் விலையும்

ஜெர்மன் மொழியில் 'டிரில்லிங்' என்றொரு சொல் உண்டு. ஒரே பேற்றில் பிறந்த மூன்று குழந்தைகளுள் ஒன்றை அது குறிக்கும். அந்நாட்டு வேட்டைக்காரர்கள் அதே சொல்லை மூன்று குழல் கொண்ட துப்பாக்கிக்கும் பெயராக வைத்தனர். மேலே இரு குழல்கள் இணையாகக் கிடக்கும். அவற்றின் உட்புறம் வழவழப்பானது. ரவைத் தோட்டாவைச் சுடுவதற்குரியது. அவ்விரண்டின் இடுக்கிலே, கீழ்ப்புறமாக, மூன்றாவது குழல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் உட்புறத்தில் திருகுபோலப் புரி வெட்டியிருப்பார்கள். அஃது ஒற்றைக் குண்டை நெடுந்தொலைவுக்குக் குறி தவறாமல் செலுத்தும் ரைபிள். ஆக, இருவகைத் துப்பாக்கி ஒரே கட்டையில் அமைந்திருக்கும்.

இத்தகைய கருவி மத்திய ஐரோப்பாவில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அங்கே வயலும் காடும் அடுத்தடுத்துக் கிடக்கும். காலையில் புறப்பட்டவன் வயலோரத்தில் முயலையோ காட்டுக்கோழியையோ காண்பான். மாலைக்குள் மானோ பன்றியோ எதிர்ப்படலாம். பறவைக்கு ரவை வேண்டும். மானுக்குக் குண்டு வேண்டும். மானைப் போன்ற குளம்புள்ள விலங்குகளை ரவையால் சுடுவதை ஜெர்மன் வேட்டைச் சட்டம் இன்றும் தடுக்கிறது. ரவை பட்ட மான் சாகாமல் ஓடிப் புதரில் துன்புற்று மடியும் என்பதே தடைக்குக் காரணம். ஆங்கிலேயப் பிரபுக்களுக்குத் துப்பாக்கி சுமக்கவும் தோட்டா நிரப்பவும் ஆட்கள் இருந்தனர். தனியே காடு சுற்றும் ஜெர்மானிய வனக்காவலனுக்கு அவ்வசதி ஏது? ஒன்றையே சுமந்தான், அதிலேயே எல்லாம் இருக்கவேண்டும் என்றான்.

துரிங்கியாவில் உள்ள ஸூல் நகரமும், ஆஸ்திரியாவின் தென்பகுதியில் உள்ள ஃபெர்லாக் என்னும் சிற்றூரும் இத்தொழிலில் பெயர் பெற்றவை. ஸூலில் சாவர் என்னும் நிறுவனம் 1751இல் தொடங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குழலை மடக்கிப் பின்புறமாகத் தோட்டா இடும் முறை நிலைபெற்றபின், முக்குழல் துப்பாக்கி இன்றைய வடிவத்தை அடைந்தது.

இன்று இவற்றுள் பெரும்பாலானவை பழைய பொருளாகவே கைமாறுகின்றன. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பூட்டின் பக்கத்தகட்டில் செதுக்கிய மானையும் ஓக் இலைக் கொடியையும். பிறகு கட்டையின் மெருகை. விற்பவரும் அவற்றையே காட்டுவார். ஆனால் இவற்றின் உண்மையான மதிப்பு அவ்வளவு எளிதில் கண்ணிற்படாத ஓரிடத்தில் இருக்கிறது. துப்பாக்கியை மடக்கிக் குழலைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினால், பூட்டின்மேல் படியும் தட்டையான அடிப்பாகம் தெரியும். அங்கே சிறு சிறு முத்திரைகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவனே விலை பேசத் தகுந்தவன் என்பது என் கருத்து.

முத்திரை பிறந்த கதை

விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசாங்கச் சோதனைச் சாலையில் மிகை மருந்திட்டுச் சுட்டுப் பார்க்கவேண்டும் என்ற சட்டம் ஜெர்மனியில் 1891இல் இயற்றப்பட்டு, 1893 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. வெடிக்காமல் தாங்கிய குழலுக்கு முடி பொறித்த முத்திரைகள் இட்டனர். முடியின்கீழ் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் அது ரவைக் குழல். 'ஜி' இருந்தால் புரிவெட்டிய குழல். 'டபிள்யூ' இருந்தால் வாய்ப்புறம் சற்று ஒடுக்கப்பட்ட குழல். 'யு' இருந்தால் சுட்டபின் மறுபடி ஆராயப்பட்டது என்று பொருள். புகையற்ற மருந்துக்கும் இக்குழல் தாங்கும் என்பதை 'என்' என்ற எழுத்தோ 'நைட்ரோ' என்ற சொல்லோ காட்டும். இந்தக் கடைசி முத்திரை இல்லாத பழந்துப்பாக்கியை வாங்குபவர், அது கரிமருந்துக் காலத்துக் கருவி என்பதை மனத்தில் வைத்தே விலை சொல்லவேண்டும்.

1939இல் வேறொரு சட்டம் வந்தது. 1940 ஏப்ரல் முதல் முடி மறைந்து கழுகு வந்தது. எனவே முடியா கழுகா என்று பார்த்த மாத்திரத்தில் காலத்தை ஓரளவு பிரித்துவிடலாம். 1920களுக்குப் பிந்திய ஸூல் துப்பாக்கிகள் பலவற்றில் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் இரண்டு சிறு எண்களாக இருக்கும். '4 36' என்றிருந்தால் 1936 ஏப்ரல்.

இவ்வெண்களுள் பலரை மயக்குவது ஒன்று உண்டு. பழைய ரைபிள் குழல்களில் '108.49' என்பது போன்ற எண் காணப்படும். அதை வரிசை எண் என்று எண்ணுவோர் உண்டு. அஃது உண்மையில் குழல்வாயின் அளவு. அவ்வாய்க்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஓர் ஆங்கில இராத்தல் எடை வரும் என்பதே அந்த எண். 108.49 உருண்டை என்றால் வாய் ஏறத்தாழ 8.9 மில்லிமீட்டர், பெரும்பாலும் 9.3 தோட்டாவுக்குரிய குழல். ரவைக் குழலை '12', '16' என்று சொல்வதும் இதே கணக்குத்தான். எண் ஏற ஏற வாய் சிறுக்கும்.

உயிரைக் காக்கும் கணக்கு

முத்திரையைப் படிப்பது வெறும் பழம்பொருள் ஆர்வம் அன்று. தவறிப் படித்தவர் கையையோ கண்ணையோ இழக்க நேரலாம்.

8 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் படையின் 8×57 தோட்டா முதலில் 8.08 மில்லிமீட்டர் தடிப்புள்ள குண்டோடு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படையினர் 8.20 மில்லிமீட்டர் குண்டுக்கு மாறினர். புதியதற்கு 'எஸ்' என்று அடையாளம் இட்டனர். வேட்டைத் துப்பாக்கி செய்வோரோ நெடுநாள் பழைய அளவையே கையாண்டு வந்தனர். மடக்குத் துப்பாக்கிக்கென விளிம்பு வைத்துச் செய்த தோட்டாவிலும் இவ்விரு வகை உண்டு: ஒன்று 'ஜே.ஆர்.', மற்றொன்று 'ஜே.ஆர்.எஸ்.'. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் தடித்த குண்டுள்ள தோட்டா பல பழைய துப்பாக்கிகளின் அறையில் இடர்ப்பாடின்றி நுழைந்துவிடக்கூடும். நுழைந்தபின் ஒடுங்கிய குழலில் குண்டு நெரியும். அழுத்தம் வரம்பு மீறும். ஆகவே, ஐயம் இருந்தால் மென்மையான ஈயத்துண்டைக் குழலில் தட்டிச் செலுத்தி அளப்பதும், அறையில் உலோக வார்ப்பு எடுத்துப் பார்ப்பதும் கைதேர்ந்த துப்பாக்கித் தச்சரின் வழக்கம். அச்செலவை விலையிலிருந்து கழித்தே பேசவேண்டும்.

ரவைக் குழலிலும் இத்தகைய பொறி உண்டு. பழைய ஜெர்மன் துப்பாக்கிகளின் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வெட்டப்பட்டது. இன்று கடைகளில் பெருவழக்காக உள்ளது 70. சுடுமுன் மடித்திருக்கும் தோட்டா சிறிதாகவே இருக்கும். எனவே எளிதாக உள்ளே போகும். சுட்டவுடன் அதன் வாய் விரிந்து, ஒடுங்கும் பகுதியில் புகுந்து வழியை அடைக்கும். 'உள்ளே போயிற்றே, பொருந்தும்' என்ற நினைப்பைப்போல இத்துறையில் கேடு விளைப்பது வேறில்லை.

கடல் கடந்தவை

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படை ஸூல் நகரைக் கைப்பற்றியது. ஜூலையில் துரிங்கியா சோவியத் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலும், ஜெர்மனியின் பிற பகுதிகளிலும், குடிமக்கள் தங்கள் வேட்டைத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு கட்டளை பெற்றனர். 1946 ஜனவரியில் நான்கு வல்லரசுகளின் கட்டுப்பாட்டுக் கழகமும் நாடு முழுமைக்கும் அவ்வாறே ஆணை பிறப்பித்தது. அப்படிக் குவிந்தவற்றுள் நல்லனவற்றை அமெரிக்கப் படைவீரர்கள் நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுசென்றனர். இன்று அமெரிக்காவில் விலைக்கு வரும் பழைய முக்குழல் துப்பாக்கிகளுள் பல இவ்வழியில் வந்தவையே.

ஊர் திரும்பிய வீரனுக்கு ஜெர்மன் தோட்டா கிடைக்கவில்லை. அருகிலிருந்த பட்டறையில் கொடுத்து, 65 அறையை 70ஆக நீட்டச் சொன்னான். சிலர் ரைபிள் அறையையும் வேறு தோட்டாவுக்கு மாற்றினர். ஜெர்மனியில் அறையைத் திருத்தினால் மறுபடி சோதனைச் சாலைக்கு அனுப்பி முத்திரை பெறவேண்டும். அமெரிக்காவில் அத்தகைய அரசாங்கச் சோதனைச் சட்டம் இல்லை. ஆகவே முத்திரை ஒன்று சொல்லும், அளவுகோல் வேறொன்று சொல்லும். இம்முரண்பாடே திருத்தம் நடந்ததற்குச் சான்று. அது செவ்வையாக நடந்ததா, குழலின் சுவர் இன்னும் போதிய தடிப்போடு உள்ளதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தெரியாதவரை, எவ்வளவு அழகிய செதுக்குவேலை இருந்தாலும், சுவரில் மாட்டும் பொருளுக்குரிய விலையே தகும்.

பெயர் பொறிக்காத துப்பாக்கிகளைப் பற்றி இங்கே ஒரு சொல். ஸூலிலும் ஃபெர்லாக்கிலும் குழல் செய்பவர், பூட்டு அமைப்பவர், கட்டை கடைபவர், செதுக்குபவர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். மேலே இருக்கும் பெயர் பல வேளைகளில் பெர்லினிலோ வியன்னாவிலோ விற்ற கடைக்காரருடையது. பெயரில்லை என்பதற்காக ஒதுக்குவது சரியன்று. சாவர், மெர்க்கல், கிரீகாஃப் போன்ற பெயர்களுக்குக் கூடுதல் விலை உண்டு. ஆயினும் பெயரற்ற கைவேலை அவற்றுக்கு ஈடாக நிற்பதும் உண்டு. சிக்கனமாக வாங்குவோர் நாடவேண்டியது அதைத்தான்.

விலையைக் கூட்டிக் குறைக்கும் வேறு சில உறுப்புகளும் உள்ளன. மூன்று குழல்களையும் ஈயப்பற்றால் ஒட்டியே ஒரே புள்ளியில் குறி சேரச் செய்கிறார்கள். ஒட்டு விட்டிருந்தால் தொங்கவிட்டுத் தட்டும்போது மணியொலி வராது. பிளந்த சட்டியின் ஓசை வரும். அதைச் சீர்செய்யும் கூலி சில வேளை துப்பாக்கியின் விலையையே விழுங்கிவிடும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை ஆட்டிப் பார்த்தால் கீலின் தேய்மானம் வெளிப்படும். மேலேயுள்ள தள்ளுவிசையை முன்னே நகர்த்தினால் முன்விசை ரைபிள் குழலுக்கு மாறவேண்டும். அதே நேரத்தில் பின்குறி எழுந்து நிற்கவேண்டும். எழாவிட்டால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. குழலின் உள்ளே கருத்த குழிகள் இருந்தால், உப்பு மிஞ்சும் பழைய எரியூட்டியின் வேலை அது. துருப்பிடிக்காத 'சினாக்ஸிட்' எரியூட்டி 1928இல்தான் வந்தது. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியானால், கொக்கிப் பிடிகள் அந்தத் துப்பாக்கிக்கென்றே அரத்தால் இழைத்துச் செய்யப்பட்டவை. பழைய தொலைநோக்கி தொலைந்திருந்தால் புதிதாகப் பொருத்தப் பெருஞ்செலவு ஆகும்.

கழுகுக்குத் தரும் விலை

1941-42இல் சாவர் நிறுவனம் ஜெர்மன் விமானப்படைக்காக ஏறத்தாழ 2,500 முக்குழல் துப்பாக்கிகள் செய்தது. ஆப்பிரிக்காவில் வீழ்ந்த விமானி உயிர்பிழைக்கட்டும் என்று அலுமினியப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மேலே இரண்டு 12 எண் குழல்; கீழே 9.3×74 ரைபிள். கட்டையிலும் குழலிலும் விமானப்படைக் கழுகு. இதே நிறுவனம் இதே மாதிரியை வேட்டைக்காரருக்கும் விற்றது. வேலைத்தரத்தில் படைக்குச் செய்தது அதைவிடச் சிறந்ததன்று. ஆனால் கழுகு இருந்தால் சேகரிப்போர் பன்மடங்கு தருகிறார்கள். விளைவு வாசகர் ஊகித்ததே. சாதாரணத் துப்பாக்கியில் பிற்காலத்தில் கழுகு அடிப்பவர்கள் தோன்றிவிட்டனர். பளபளப்பான கழுகை விட்டுவிட்டு, அடிப்பாகத்துச் சோதனை முத்திரையையும் தேதியையும் ஒத்துப் பார்ப்பதே வாங்குவோருக்குப் பாதுகாப்பு.

முத்திரைகள் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. 1938 நவம்பர் 11ஆம் நாள் வெளியான ஆணை, யூதர்கள் எவ்வகை ஆயுதமும் வைத்திருக்கலாகாது என்றது. ஒப்படைக்கப்பட்டவை இழப்பீடின்றி அரசுக்குச் சேர்ந்தன. அவர்களுள் வேட்டைக்குச் செல்லும் மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் இருந்தனர். 1945இல் ஒப்படைத்த பிற ஜெர்மானியரின் துப்பாக்கிகளும் உரிமையாளர் கைக்குத் திரும்பாமல் போயின. படைவீரர் கொண்டுவந்ததற்கு அதிகாரி ஒப்பமிட்ட சான்றுத்தாள் சில துப்பாக்கிகளோடு இன்றும் இருக்கிறது. அது விலையைக் கூட்டும். அத்தாளில் கொண்டுசென்றவரின் பெயர் இருக்கும். கட்டையின் அடியிலே சிறு வெள்ளித் தகட்டில் இரண்டு எழுத்துகள் பொறித்த துப்பாக்கிகள் பல. அவை முதலில் வாங்கியவரின் பெயரெழுத்துகள். அத்தகட்டை மெருகிடும்போது தேய்த்து அழித்துவிடாமல், சோதனைத் தேதியோடு சேர்த்துக் குறித்துவைப்பது வாங்குபவர் செய்யக்கூடியது.