குதிரை லாயத்திலிருந்து கைப்பேசிக்கு: மூன்று குரங்கு எமோஜியின் பொருள் மாற்றம்

ஒருங்குறி (யூனிகோட்) அட்டவணையில் குரங்குகள் இரண்டு இடங்களில் குடியிருக்கின்றன. முழு உடலோடு கூடிய குரங்கு 128018 என்ற எண்ணிலும், குரங்கு முகம் 128053 என்ற எண்ணிலும், எலி, மாடு, புலி, முயல் முதலியவற்றோடு சேர்ந்து நிற்கின்றன. கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்குகள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவற்றின் எண்கள் 128584 முதல் 128586 வரை. அவற்றுக்கு முந்தைய எண்ணில் தலைகுனிந்து வணங்கும் மனிதர், பிந்தைய எண்ணில் கை உயர்த்தும் மனிதர். அட்டவணையை வகுத்தவர்கள் இம்மூன்றையும் மனிதரின் மெய்ப்பாடுகளோடு சேர்த்துவிட்டார்கள். இவற்றின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அந்த இடம் பொருத்தமானது என்றே தோன்றுகிறது.

இக்குரங்குகளின் மிகப் புகழ்பெற்ற வடிவம் ஜப்பானின் நிக்கோ நகரில், தோஷோகூ ஆலயத்தில் இருக்கிறது. ஆட்சியாளர் தொகுகவா இயெயாசுவின் நினைவாக எழுந்த அவ்வாலயத்தை அவருடைய பேரன் இயெமித்சு 1636-இல் விரிவாகப் புதுப்பித்தார். ஆலயக் குதிரையின் லாயத்து முகப்பில் எட்டு மரப்பலகைகள், அவற்றில் பதினாறு குரங்குகள். குரங்கு குதிரையை நோயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையால் அவை லாயத்தில் இடம்பெற்றன. எட்டுப் பலகைகளும் சேர்ந்து மனித வாழ்வைப் பருவம் பருவமாகச் சொல்கின்றன. கண், காது, வாய் பொத்திய மூவர் இருப்பது இரண்டாம் பலகையில். அது பிள்ளைப் பருவத்துக்கு உரியது: தீயது எதுவும் பிள்ளையின் கண்ணிலும் காதிலும் நாவிலும் படாமல் காக்க வேண்டும். தனியே வெட்டி எடுத்த நிழற்படத்தில் மட்டும் இதைப் பார்ப்பவருக்கு, இது ஒரு நீண்ட கதையின் தொடக்கப் பகுதி என்பது தெரிவதில்லை.

ஏன் குரங்கு என்ற கேள்விக்கு விடை மொழியில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் குரங்கு ‘சரு’. பழைய நடையில் வினையோடு சேரும் எதிர்மறை விகுதி ‘ஸரு’. சொல்லோடு சொல் புணரும்போது முதல் ஒலி மெலிவது அம்மொழியின் இயல்பு ஆதலால் இரண்டும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. மிஸரு, கிகஸரு, இவஸரு என்றால் காணாத, கேளாத, பேசாத என்று பொருள். காணாக் குரங்கு, கேளாக் குரங்கு, பேசாக் குரங்கு என்றும் காதில் விழும். கருத்து இதைவிடப் பழையது. முறைக்கு மாறானதைப் பாராதே, கேளாதே, பேசாதே, செய்யாதே என்ற நான்கு விலக்குகள் கன்பூசியசின் உரைத்தொகுப்பிலேயே உள்ளன. அங்கே குரங்கு இல்லை. நான்காவது விலக்கான ‘செய்யாதே’ சில சிற்பங்களில் வயிற்றின்மேல் கை வைத்த நான்காம் குரங்காக வருவதுண்டு. ஆனால் அது பரவவில்லை, எமோஜியாகவும் ஆகவில்லை.

மூன்று குரங்குகளை ஜப்பானில் ஊர் ஊராகக் கொண்டுசென்றது கோஷின் வழிபாடு. நம் பஞ்சாங்கத்தில் 60 ஆண்டுச் சுழற்சி இருப்பதுபோல், சீன வழிவந்த கணக்கில் நாள்களுக்கும் 60-இன் சுழற்சி உண்டு. கோஷின் என்பது அதில் குரங்குக்கு உரிய ஒரு நாள். மனித உடலுக்குள் மூன்று புழுக்கள் குடியிருக்கின்றன. அந்த இரவில் ஆள் தூங்கியதும் அவை விண்ணேறி அவன் குற்றங்களைத் தெய்வத்திடம் சொல்லிவிடும் என்பது தாவோ மரபின் நம்பிக்கை. ஆகவே மக்கள் ஒன்றுகூடி விடிய விடிய விழித்திருந்தார்கள். முதலில் ஹெய்யான் கால அரண்மனையினரின் வழக்கமாக இருந்த இது, பின்னர் ‘எதோ’ எனப்படும் காலத்தில் (1603–1868) சிற்றூர்களுக்குப் பரவியது. சாலையோரங்களில் நட்ட கோஷின் கற்களின் அடியில் மூன்று குரங்குகள் செதுக்கப்பட்டன. குற்றத்தைக் காணாமலும் கேளாமலும், மேலே போய்ச் சொல்லாமலும் இருக்கும்படி வேண்டுவதாக இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நிக்கோவின் பிள்ளை வளர்ப்பு அறிவுரைக்கும் இந்த மன்றாட்டுக்கும் எவ்வளவு தூரம்! உருவம் ஒன்றுதான், பொருள் அப்போதே ஒன்றாக இல்லை.

இந்தியாவில் இவை காந்தியின் குரங்குகள். அவர் வைத்திருந்த மிகச் சில பொருள்களில் சிறிய மூன்று குரங்குப் பொம்மையும் ஒன்று. பள்ளிச் சுவரில் அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புலனடக்கத்தின் சின்னம். ஆங்கிலம் பேசும் நாடுகளிலோ ‘தீயதைப் பாராதே, கேளாதே, பேசாதே’ என்ற தொடர் பெரும்பாலும் பழிச்சொல்: அநியாயத்தைக் கண்டும் காணாமல் இருப்பவரைச் சுட்டுவது. சிற்பி சுபோத் குப்தா 2008-இல் ‘காந்தியின் மூன்று குரங்குகள்’ என்று பெயரிட்டுச் செய்த மூன்று தலைகளில் படைவீரரின் தலைக்கவசமும் நச்சுவாயு முகமூடியும் முகமறைப்புத் துணியும் இருப்பது இந்த இரு பொருள்களின் மோதலிலிருந்து பிறந்தது என்பேன்.

2010 அக்டோபரில் வெளியான ஒருங்குறியின் 6.0 பதிப்பு இவற்றுக்கு எண் கொடுத்தது. ஜப்பானியர் வழக்கமாகச் சொல்லும் வரிசை கண், வாய், காது. எண்வரிசையோ கண், காது, வாய். இது கன்பூசியசின் வரிசை, ஆங்கிலத் தொடரின் வரிசையும்கூட. பெயர்களும் அந்த ஆங்கிலத் தொடரிலிருந்தே வைக்கப்பட்டன. ஆனால் பெரிய மாற்றம் வேறு இரண்டு. மரத்திலும் கல்லிலும் மூவரும் ஒரே பலகையில் இருந்தார்கள். ஒருவரை மட்டும் எடுக்க முடியாது. விசைப்பலகையில் ஒவ்வொருவரும் தனி எழுத்து. அடுத்து, உடல் போய் முகமும் கைகளும் மட்டும் மிஞ்சின. மூவரும் சேர்ந்திருந்தால் அறவுரை என்று எளிதில் புரியும். கண்ணைப் பொத்திய ஒற்றை முகம் அப்படியன்று. அது எந்த ஊர்க் குழந்தையும் வெட்கத்தில் செய்வது.

இன்று அதன் வேலை பெரும்பாலும் அதுவே. புகழ்ந்தால் நாணம், உளறிவிட்டால் சங்கடம், காதல் பேச்சில் கொஞ்சல். வாய் பொத்திய குரங்கு ‘ஐயோ, சொல்லிவிட்டேனே’ என்கிறது. பேசாதே என்ற கட்டளை, பேசிவிட்டதன் ஒப்புதலாகத் தலைகீழாகியிருக்கிறது. காது பொத்தியதற்கு இந்த அளவு வேலை இல்லை. கேட்க மறுப்பது எழுத்து உரையாடலில் அரிதாகவே தேவைப்படும் என்பது காரணமாகலாம்.

வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் மஞ்சள் முகம் 2017-இல் வந்தது. விரலிடுக்கில் எட்டிப் பார்க்கும் முகம் 2021-இல். அதுவரை இந்த இடத்தை நிரப்பியவை குரங்குகளே. அம்முகங்கள் வந்த பின்னும் குரங்குகள் வழக்கிழக்கவில்லை. இதற்கு அட்டவணையில் ஒரு தடயம் இருக்கிறது. வணங்குபவர், கை உயர்த்துபவர் ஆகிய அண்டை வீட்டாருக்கு 2015 முதல் தோல் நிறமும், பின்னர் ஆண் பெண் வேறுபாடும் வந்து சேர்ந்தன. அனுப்புபவர் தாம் யார் என்று தெரிவு செய்யலாம். நடுவிலிருக்கும் குரங்குகளுக்கு நிறமும் இல்லை, பாலும் இல்லை. அறுபது வயதுத் தாத்தாவும் பதினாறு வயதுப் பேத்தியும் ஒரே முகத்தால் வெட்கப்படலாம்.