பந்தயப் பெட்ரோலா, சாலைப் பெட்ரோலா? மான் தீவு புகட்டும் பாடம்

விலை உயர்ந்த பொருளே சிறந்த பொருள் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருக்கின்றது. ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் புகும் இளைஞர்களையும் அது விடுவதில்லை. ஒருபுறம், சாலையோர நிலையத்தில் எவரும் வாங்கக்கூடிய பெட்ரோல். மறுபுறம், பந்தயத்திற்கென்றே கலந்து, பீப்பாயில் அடைத்து, மிகுந்த விலைக்கு விற்கப்படும் எரிபொருள். இவ்விரண்டில் எதை ஊற்றுவது?

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் மான் தீவில் நூறாண்டுகளுக்கு மேலாக மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்து வருகின்றன. அங்கே இவ்வினா பலமுறை எழுந்து, காலத்திற்கேற்ப வெவ்வேறு விடை பெற்றது. அவ்வரலாறு ஓட்டுநர்க்கு மட்டுமின்றி, அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

சிக்கனத்தில் பிறந்த பந்தயம்

1907ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அத்தீவில் முதல் ‘டூரிஸ்ட் டிராபி’ மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெற்றது. பயணிகள் கோப்பை என்னும் பொருள்படும் அப்பெயரே அதன் நோக்கத்தை உணர்த்தும். பொதுமக்கள் சாலையில் ஓட்டும் வண்டிகள் திருந்த வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட போட்டி அது. ஆதலின் வேகத்தோடு சிக்கனமும் அங்கே சோதிக்கப்பட்டது. ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஒரு காலன் பெட்ரோலில் 90 மைலும், இரட்டைச் சிலிண்டர் வண்டி 75 மைலும் ஓடியாக வேண்டும் என்பது விதி. ஒற்றைச் சிலிண்டர்ப் பிரிவில் மாட்ச்லெஸ் வண்டியில் வென்ற சார்லி காலியர், மணிக்குச் சராசரி 38 மைல் வேகத்தில் ஓடி, காலனுக்கு 94 மைலுக்கு மேல் கண்டார்.

1909இல் இந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. எவ்வளவு எரித்தாலும் கேட்பாரில்லை என்றானபின், வேகம் ஒன்றே குறியாயிற்று. அப்போதுதான் எரிபொருளின் தரம் பெரும் பிரச்சினையாகத் தலைதூக்கியது.

தட்டொலியின் மர்மம்

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை நெருக்குகின்றது. பிறகு பிளக்கில் தோன்றும் தீப்பொறி அதைப் பற்ற வைக்கின்றது. எத்தனை மடங்கு நெருக்கப்படுகின்றதோ, அதுவே அமுக்க விகிதம். அமுக்கம் மிக மிக, அதே பெட்ரோலிலிருந்து கிடைக்கும் வேலையும் மிகும். அப்படியாயின் வேண்டுமட்டும் அமுக்கிவிடலாமே என்று தோன்றும். இயற்கை அதற்கு இடங்கொடுப்பதில்லை.

சருகுக் குவியலின் ஒரு முனையில் தீ வைத்தால், அது படிப்படியாகப் பரவி மறுமுனையை அடையும். சிலிண்டருக்குள்ளும் தீ அவ்வாறே பரவ வேண்டும். அமுக்கம் அளவு மீறினாலோ, தீ வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை சூடேறித் தானே வெடித்துவிடுகின்றது. சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை அப்போது எழும். அதுவே தட்டொலி. தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உருகித் துளைபடும்.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இதை முறையாக ஆராய்ந்தவர் ஆங்கிலேயரான ஹாரி ரிக்கார்டோ. ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றத்தக்க எஞ்சினொன்றை அவர் அமைத்தார். ஒவ்வொரு பெட்ரோலும் எந்த அளவு அமுக்கத்தில் தட்டத் தொடங்குகின்றது என்பதை அதனால் அளந்தார். நமது பக்கத்துச் செய்தியொன்றும் இதில் உண்டு. போர்னியோ எண்ணெயிலிருந்து கிடைத்த பெட்ரோல் கனம் மிகுந்தது என்று ஒதுக்கப்பட்டு, பெருமளவில் வீணே எரிக்கப்பட்டு வந்தது. தட்டொலியைத் தாங்குவதில் அதுவே சிறந்தது என்று ரிக்கார்டோ கண்டறிந்தார். குப்பையென்று கொளுத்தப்பட்டதே மாணிக்கம் என்று தெரிந்தது.

பின்னர் 1926-27இல் அமெரிக்காவின் கிரகாம் எட்கர் இதற்கோர் அளவுகோல் வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ-ஆக்டேனுக்கு 100. எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. இன்று நிலையங்களில் காணும் 95, 97 என்னும் எண்கள் இவ்வளவுகோலின் வழி வந்தவையே. இங்கே ஒன்றை மறக்கலாகாது. ஆக்டேன் எண் ஆற்றலின் அளவன்று. அமுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் தன்மையின் அளவு.

ஆல்கஹாலுக்குத் தடை

மெத்தனால் போன்ற ஆல்கஹால் வகைகள் அமுக்கத்தை நன்கு தாங்கும். ஆவியாகும்போது எஞ்சினையும் குளிர்விக்கும். ஆனால் ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைப் போல் இரு மடங்குக்கு மேல் மெத்தனால் வேண்டும். நடைமுறைச் சாலைப் பயணத்திற்கு அது ஒவ்வாது. பந்தயக்காரர்களுக்கோ அது பெருவிருந்து.

1926இல் மான் தீவுப் பந்தயத்தில் ஆல்கஹால் எரிபொருள் தடுக்கப்பட்டது. சாலையில் கிடைக்கும் பெட்ரோலில்தான் ஓட வேண்டும் என்றாயிற்று. வேகம் குன்றிவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்திருப்பின், அவர்கள் ஏமாந்தே போயிருப்பார்கள். 1925இல் சீனியர் பந்தயத்தில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 66 மைல். தடை வந்த 1926இல் நார்ட்டன் வண்டியில் வென்ற ஸ்டான்லி வுட்ஸின் சராசரி 67 மைலைத் தாண்டியது. அதே பந்தயத்தில் ஜிம்மி சிம்ப்சன் மலைச் சுற்றை மணிக்கு 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முதன்முதலாகச் சுற்றினார். எரிபொருளில் வழி அடைபடவே, பொறியாளர் எஞ்சினிலும் சட்டத்திலும் வழி தேடினர்.

ஈயத்தின் கொடுமை

இதே காலத்தில் அமெரிக்கா மற்றொரு வழியைக் கண்டது. 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜிலி, டெட்ரா எதில் ஈயம் என்னும் பொருளைச் சிறிதளவு கலந்தாலே தட்டொலி அடங்குவதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. மலிவானது, கலப்பதும் எளிது. ஆயினும் 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் நஞ்சேறிச் சித்தம் கலங்கினர், ஐவர் மாண்டனர். தொழில் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1925இல் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். விற்பனை சிறிது காலம் நின்று, 1926இல் மீண்டும் தொடங்கியது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் சாலைகளெல்லாம் ஈயப் புகையைச் சுமந்தன. அதனால் பெரிதும் கேடுற்றவை வளரும் குழந்தைகளின் மூளைகள். சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் அதை நிறுத்தியது.

போர் தந்த சோதனை

இரண்டாம் உலகப் போர் பிரிட்டனில் எரிபொருளுக்குப் பஞ்சத்தைக் கொணர்ந்தது. நிறுவனப் பெயர்கள் மறைந்து, ‘பூல்’ என்னும் ஒரே வகை மட்டமான பெட்ரோல் கிடைத்தது. 1947இல் மான் தீவுப் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது, போருக்கு முன் ஓட்டுநர் நம்பியிருந்த பென்சால் கலவை இல்லை. எஞ்சின்களின் அமுக்கத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியதாயிற்று.

அதன் விளைவை ஒரே மனிதரின் ஓட்டத்தில் காணலாம். ஹரால்ட் டேனியல் 1938இல் நார்ட்டன் வண்டியில் மணிக்குச் சராசரி 89 மைல் வேகத்தில் சீனியர் பந்தயத்தை வென்றார். ஒரு சுற்றை 91 மைல் வேகத்தில் முடித்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே தீவில், அதே நிறுவனத்தின் வண்டியில், அவரே மீண்டும் வென்றார். ஆனால் சராசரி 83 மைலைக்கூட எட்டவில்லை. அவர்தம் சுற்றுச் சாதனை 1950இல்தான் முறிந்தது. அதை முறித்த ஜெஃப் டியூக், புதிய சட்டம் பூட்டிய நார்ட்டனில் 93 மைலுக்கு மேல் சென்றார். மட்டமான பெட்ரோல் பறித்ததை மீட்பதில், வளைவுகளில் நிலைத்து நின்ற அச்சட்டத்திற்குப் பெரும்பங்குண்டு.

இன்று தேர்வு செய்பவர்க்கு

காலம் மாறியது. 1998இல் உலகக் கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறின. 2024 முதல் மோட்டோ ஜிபி வண்டிகளின் எரிபொருளில் குறைந்தது 40 விழுக்காடு நிலத்தடி எண்ணெயல்லாத மூலத்திலிருந்து வரவேண்டும் என்பது விதி. நமது சிப்பாங் ஓடுதளத்தில் பாயும் மோட்டோ ஜிபி வண்டிகளையும் இவ்விதி கட்டுப்படுத்துகின்றது. பந்தயம் மீண்டும் சாலையை நோக்கித் திரும்புகின்றது எனலாம்.

ஆகவே, தம் வண்டிக்கு எதை ஊற்றுவதென்று தயங்கும் ஓட்டுநர் முதலில் பார்க்க வேண்டியது விலைச்சீட்டையன்று, வண்டியோடு வந்த கையேட்டை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள எஞ்சினுக்கு 95 போதும் என்று அதில் எழுதியிருந்தால், ஆக்டேன் மட்டும் மிகுந்த பந்தயப் பெட்ரோல் பெரிதாக எதையும் கூட்டாது, பணந்தான் கரையும். அமுக்கத்தை உயர்த்திய எஞ்சினுக்கோ, நிலையத்துப் பெட்ரோல் தட்டொலியைத் தந்து பிஸ்டனைக் கெடுக்கும். அங்கே பந்தயப் பெட்ரோல் ஆடம்பரமாகாது, காப்பாகும். ஆக்சிஜன் சேர்த்த பந்தய வகைகள் சில உண்டு. அவை ஆற்றலைக் கூட்டும்; ஆனால் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளின் அளவைத் திருத்தாமல் ஊற்றினால் கேடே விளையும். ஈயம் கலந்த வகையை ஊற்றினால், இன்றைய வண்டிகளின் புகைக்குழாயில் உள்ள தூய்மைக் கருவி பாழாகும். அதைக் கையாளுபவர் உடலும் நலியும்.

பேவே ஆலையில் மாண்ட ஐவரும் பந்தயம் ஓடியவர்களல்லர். எதை எரிப்பது என்று முடிவு செய்வோர், அதன் புகை யார் மார்பில் போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறிவியல் வகுப்பில் ஆக்டேனைக் கற்பிக்கும் ஆசிரியர், இந்த ஐவரின் கதையையும் சேர்த்துச் சொல்வாராயின், பாடம் முழுமை பெறும்.