தூணைத் தொட்ட மேதை

லண்டன் தெருவில் நடந்து போகிறார் அந்த மனிதர். கனத்த உடம்பு, தலையில் விக். வழியில் இருக்கும் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறார். ஒன்று விட்டுப்போச்சா? திரும்பி வந்து அதையும் தொட்டுவிட்டுத்தான் மறுவேலை! வாசல் வந்தால் இன்னும் சிக்கல். கணக்காக இத்தனை எட்டு வைத்து, குறிப்பிட்ட காலால்தான் தாண்ட வேண்டும். தப்பினால் பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து!

யார் இவர்? 1755-ல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு ஆங்கில அகராதியைத் தந்த டாக்டர் சாமுவேல் ஜான்சன்தான்!

தொல்லை அதோடு நின்றதா என்றால், இல்லை. முகம் தானாகக் கோணும், தலை ஆடும், வாயிலிருந்து விநோத சப்தங்கள் வரும். 1735-ல் ஒரு பள்ளிக்கூட வேலை கைநழுவியதற்கு இந்த முகக்கோணலும் ஒரு காரணம். பையன்களுக்கும் தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்துவிட்டார்கள்! 1753 வாக்கில் ஒரு நண்பர் வீட்டில் அவரைப் பார்த்த ஓவியர் ஹோகார்த், 'பாவம், புத்தி சுவாதீனமில்லாதவர்' என்றே முடிவுகட்டினார். ஜான்சன் பேச ஆரம்பித்ததும்தான் அசந்துபோனார்.

இந்த இரண்டும் வெளியே தெரிந்தவை. மூன்றாவது, உள்ளே இருந்தது. இருபது வயதிலேயே கடும் மனச்சோர்வு. தன் நிலைமையை லத்தீனில் விவரமாக எழுதி, ஞானத்தந்தையான டாக்டரிடம் கொடுத்தார். அந்த மனுஷரோ, 'என்ன அறிவு!' என்று வியந்து ஊராருக்குக் காட்டிவிட்டார். ஜான்சனுக்கு அது ஆறாத காயம். 'எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ' என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை.

1885-ல் டூரெட் என்ற பிரெஞ்சு டாக்டர், தானாக வரும் இத்தகைய அசைவுகளையும் சப்தங்களையும் ஒரு நோயாக விவரித்தார். ஜான்சனுக்கு இருந்தது அதுதான் என்று 1979-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. செத்தவருக்குச் செய்யும் டயக்னாசிஸ், கணிப்புதான். ஆனால், ஓ.சி.டி. பெரும்பாலும் தனியாக வருவதில்லை என்பது இன்று தெரிந்த விஷயம். அது உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இப்படிப்பட்ட 'டிக்' அசைவுகள் ஏதாவது ஒரு கட்டத்தில் வந்துபோகின்றன. மனச்சோர்வும் பதற்றமும் இன்னும் அதிகம் பேருக்கு. தூணைத் தொடுவது ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. சோர்வு தெரிவதில்லை. ஆளை முடக்கிப்போடுவது பல சமயம் அந்தத் தெரியாத நோய்தான்.

ஜான்சன் எப்படித் தப்பித்தார்? 1766-ல் த்ரேல் தம்பதி அவரைப் பார்க்கப் போனபோது, ஒரு பாதிரியார் முன்னால் மண்டியிட்டு, 'என் புத்தி பேதலிக்காமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பதறிப்போனவர்கள், ஸ்ட்ரெதமில் இருந்த தங்கள் வீட்டுக்கே கூட்டிப்போனார்கள். அவருக்கென்று ஓர் அறை, நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரி வெகுநேரம் பேச்சுத்துணை. அடுத்த பதினைந்து வருஷத்துக்கும் மேல் அதுதான் அவருக்கு இன்னொரு வீடு. 'கவிஞர்கள் வரலாறு' நூல் வரிசை 1779-க்கும் 1781-க்கும் நடுவே வெளிவந்தது அந்தக் காலத்தில்தான்.

தூண் தொடுவது மட்டும் கடைசிவரை நிற்கவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை!