துறைமுக நெறியும் இணைய நெறியும்

மலாக்காவின் பெருமைக்குப் பருவக்காற்றையும் நீரிணையின் அமைப்பையும் காரணமாகக் காட்டுதல் வரலாற்று நூலார் வழக்கம். அஃது உண்மையே. எனினும் அதே காற்று இந்நீரிணையின் பிற துறைகளுக்கும் வீசிற்றன்றோ? வணிகர் பலரும் மலாக்காவை நாடி வந்தமைக்கு அங்கிருந்த துறைமுக நெறியும் ஒரு காரணமாகும். சுல்தான்களின் காலத்தில் இங்கு ஷாபண்டார் எனப்படும் துறைமுகத் தலைவர் நால்வர் இருந்தனர். குசராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களினின்று வந்தோர்க்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனம், சம்பா முதலிய நாட்டார்க்கு ஒருவர். மேற்றிசையினின்று வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 விழுக்காடு தீர்வை வாங்கப்பட்டதாகப் போர்த்துகீசியர் தோமே பிரேசு எழுதி வைத்துள்ளார். மலாய்மொழி அறியாத தமிழ் வணிகனும், தான் எவரிடம் செல்லவேண்டும், எவ்வளவு செலுத்தவேண்டும் என்பதை முன்னரே அறிந்து வந்தான். நெறி எளிதாயிருந்தது, எளிதாயிருந்தமையால் நம்பத்தக்கதாயும் இருந்தது.

இன்று நம் மக்கள் பலரும் நாடிச் செல்லும் துறைமுகம் இணையமாகும். பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பதும், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் அதன் வழியே நடைபெறுகின்றன. அத்துறையின் நெறி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் ஆசிரியராகிய நம் கடமையாகும்.

1989இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு-லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை வரைந்தார். அவர் அமைத்த அடிப்படைகள் மூன்றே: ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு முகவரி, பக்கத்தைக் கேட்டுப் பெறுவதற்கு ஒரு நடைமுறை, பக்கத்தை எழுதுவதற்கு ஒரு குறிமொழி. 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் நிலையம் அவற்றைக் கட்டணமின்றி உலகினர்க்கு வழங்கியது. எளியனவாகவும் பொதுவுடைமையாகவும் இருந்தமையாலேயே அவை விரைந்து பரவின எனல் மிகையன்று.

தமிழுக்கோ அவ்வெளிமை உடனே வாய்க்கவில்லை. அக்காலக் கணினி ஒரு தொகுதியில் 256 குறிகளையே ஏற்றது. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. எஞ்சிய 128 இடங்களில் நம் 247 எழுத்துகளையும் அடக்குவது எங்ஙனம்? எழுத்துருவை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் முறையில் இடமளித்தனர். அதனால் ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. ஆளுக்கோர் அளவுகோல் வைத்துத் துணி அளந்த கதையாயிற்று அது.

இந்நிலையை மாற்றிய முயற்சியில் நம் வட்டாரத்தார்க்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் வெளியிட்ட தளத்தில் 1995இல் தமிழ் ஏறியது. அதற்கு உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2000இல் உத்தமம் எனும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. திஸ்கி, தாம், தாப் எனப் பல குறியீட்டு முறைகளைக் கடந்து, 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறியை உலகத் தமிழர் படிப்படியாக ஏற்றனர். தமிழ்நாட்டு அரசு 2010இல் அதனை ஏற்றது. இன்று மெர்லிமாவில் எழுதிய கட்டுரையை மதுரையில் தடையின்றிப் படிக்க முடிகிறதென்றால், பொதுநெறி ஒன்றனுக்குப் பலரும் உடன்பட்டமையே காரணமாகும்.

எழுத்துச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. செயலிகளின் சிக்கலோ வளர்ந்தது. 2013 அக்டோபர் 1ஆம் நாள் அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்கென ஒரு தளத்தைத் திறந்தது. முதல் நாளில் அதன்வழிக் காப்பீட்டை முழுமையாகப் பதிவு செய்தோர் அறுவரே எனப் பின்னர் வெளியான ஆவணங்கள் காட்டின. திட்டங்களைப் பார்வையிடுமுன்பே ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்க வேண்டுமென்று வைத்தமையும், பெருங்கூட்டத்தைத் தாங்குமா எனப் போதிய அளவு சோதியாமையும் அவ்விடருக்கு முதன்மைக் காரணங்களாகும். பொருளும் ஆளும் மிகுந்த நாட்டிலேயே இவ்வாறு நேர்ந்ததெனின், எளிமை என்பது தானே வருவதன்று, முயன்று பெறுவது என்பது விளங்கும்.

நம் நாட்டு நிலையைக் காண்போம். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, வீடே பள்ளியாயிற்று. கல்வி அமைச்சு அக்காலத்தே எடுத்த கணிப்பில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் மின்கருவி எதுவுமே இல்லை எனத் தெரிய வந்தது. கருவி உடையோருள்ளும் மிகப் பலரிடம் இருந்தது கைப்பேசியே. 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டது முதல் இம்மாநிலத்தில் பரவிய தோட்டங்களுள், எஞ்சியவற்றில் வாழும் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்து வந்த தாய், அலை குன்றிய இடத்தில், சிறு திரையில் படிவத்தை நிரப்புகிறாள். பாதியில் இணைப்பு அறுகிறது. எழுதியவை யாவும் அழிந்துபோயின், பிழை அவளுடையதா?

ஆகவே, நல்ல செயலிக்குரிய இலக்கணத்தை ஈண்டு வகுத்துக் கூறலாம். பக்கத்தின் கனம் குறைவாயிருத்தல் வேண்டும். அழகுக்கென ஏற்றிய படங்கள் அலை குன்றிய இடத்தில் பாரமாகும். நிரப்பியது நிரப்பியவாறே சேமிக்கப்படுதல் வேண்டும். பொத்தானை இருமுறை அழுத்தினும் விண்ணப்பம் ஒன்றாகவே பதிவாதல் வேண்டும். அதற்கு ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் தனியெண் வழங்குவர். பிழை நேரின், எது பிழை, எங்ஙனம் திருத்துவது என்பதை மக்கள்மொழியிற் சொல்லுதல் வேண்டும். எல்லாக் கருவியிலும் இயங்கும் எளிய பக்கத்தை முதலில் அமைத்து, வசதிகளைப் பின்னர்ச் சேர்க்கும் முறையை 'படிப்படி மேம்பாடு' எனலாம்; 2003 முதல் வலை அமைப்போர் இதனை வலியுறுத்தி வருகின்றனர்.

இவற்றோடு பெயர்ச் சிக்கலையும் சேர்த்தெண்ணுக. நம்மவர் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'ஏ/எல்', 'ஏ/பி' என வருதல் வழக்கம். அச்சாய்கோடு வலை முகவரியைப் பகுக்கும் குறியாகவும் விளங்குவதால், பல படிவங்கள் அதனை ஏற்பதில்லை. குடும்பப்பெயரே இல்லாத தமிழரிடம் குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்பனவும் உள. பிறப்புச் சான்றில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயருமாய் அமைந்தால், துன்புறுவது மாணவனே. மேலைநாட்டார் பெயரை மட்டும் மனத்திற்கொண்டு செய்த படிவம் எளிய படிவம் ஆகாது.

செயலி செய்வது பொறியாளர் தொழில். ஆசிரியர்க்கு அதில் என்ன வேலை என்று வினவலாம். எழுத்துருச் சிக்கலைத் தீர்க்கக் கணினி வல்லுநரோடு தமிழறிஞரும் எழுத்தாளரும் ஆசிரியரும் அமர்ந்தனர் என்பதே அதற்கு விடை. பள்ளிக்கெனச் செய்யப்படும் செயலியை வெளியிடுமுன், ஜாசினிலும் அலோர் காஜாவிலும் உள்ள பெற்றோர் சிலரிடம் கொடுத்துச் சோதிக்குமாறு கேட்பது நம் உரிமை. இயலாதார்க்குப் பள்ளி அலுவலகத்தில் தாள் படிவமும் துணைசெய்ய ஓர் ஆளும் இருக்கவேண்டுமென வற்புறுத்துவது நம் பொறுப்பு. மாணவர்களே, நாளை நிரல் எழுதப் போகிறவர்கள் உங்களுள்ளும் இருக்கின்றனர். அக்கால் உங்கள் தோட்டத்துப் பாட்டியையும் உங்கள் பயனருள் ஒருவராக எண்ணி எழுதுங்கள். அவர் தட்டுத்தடுமாறாமல் கரையேறும் துறையே நல்ல துறையாகும்.