பழவேற்காட்டுத் துணியும் வாங்கியோர் முறையீடும்

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவச் சிற்றூர்களுள் ஒன்று தோணிரேவு. ‘ரேவு’ என்பது தெலுங்கில் படகுத்துறையைக் குறிக்கும். தோணிகள் கரைசேரும் துறை என்பதே ஊர்ப்பெயரின் பொருள். இன்று இத்துறைகளில் இறங்குவது மீனும் இறாலும் நண்டும். ஒரு காலத்தில் இதே கடலோரத்தில் பெருங்கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. துணிப் பொதிகள் படகுகளில் ஏற்றப்பட்டு அவற்றைச் சென்றடைந்தன.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா, பழவேற்காட்டு முஸ்லிம் வணிகர்களையும், இங்கிருந்து மலாக்கா, சுமத்திரா, பெகு ஆகிய இடங்களுக்குச் சென்ற வண்ணப் பருத்தித் துணிகளையும் குறிப்பிடுகிறார். மலாய் மக்கள் கட்டங்கள் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். ‘காயின்’ என்றால் துணி; ‘பெலிக்காட்’ என்பது பழவேற்காட்டின் பெயர். ஓர் ஊரின் பெயரே ஆடையின் பெயராக நிலைத்ததென்றால், அத்துணி பெற்றிருந்த நற்பெயரை நாம் உணரலாம்.

அந்த நற்பெயரைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. 1610இல் பழவேற்காட்டில் காலூன்றிய டச்சுக் கம்பெனியார், 1613இல் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். மொலுக்காத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் பெறுவதற்கு அவர்களுக்குச் சோழமண்டலத் துணி தேவைப்பட்டது. ஆனால் தீவு மக்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவர்களாக இல்லை. ஒவ்வொரு சந்தைக்கும் உரிய நிறம், கரை, அளவு, பூவேலை ஆகியவை இருந்தன. சிறிது மாறினாலும் துணி விற்காமல் கிடங்கில் தேங்கிற்று. எனவே, அங்கு விரும்பப்பட்ட துணிகளின் மாதிரிகள் இங்கு அனுப்பப்பட்டன. வணிகர் வழியாக முன்பணம் பெற்று நெசவாளர் நெய்து தந்தவை அம்மாதிரிகளோடு ஒப்பிடப்பட்டன. தரம் குறைந்தவை விலை குறைக்கப்பட்டன அல்லது திருப்பப்பட்டன. கடல் கடந்து எழுந்த முறையீட்டின் சுமை, இறுதியில் தறியில் அமர்ந்தவரின் தோளில் இறங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவ்வாறு தேர்ந்து வாங்கிய இந்தியத் துணிகளைச் சுலாவெசியின் தொராஜா மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புனிதச் செல்வமாகப் பேணினர். அவற்றுள் சில இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

வாங்கியவரின் முறையீட்டை இஸ்லாமிய வணிகச் சட்டம் அவரது உரிமையாகவே கருதுகிறது. விற்பனைக்கு முன்பே பொருளில் இருந்த குறை பின்னர் தெரியவருமானால், அதைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனை ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் அய்ப்’ என்பர். தானியக் குவியலின் உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் எனக் கண்டித்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. ஈரமான தானியத்தையும் விற்கலாம். அந்த ஈரத்தை மறைத்தல் கூடாது.

இந்நெறியின் உண்மையை 20ஆம் நூற்றாண்டின் நிகழ்ச்சி ஒன்றும் விளக்குகிறது. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கைத்தறிக் கட்டத்துணியை வாங்கி, ‘புரூக்ஸ் பிரதர்ஸ்’ ஆடை நிறுவனத்திற்கு விற்றார். அத்துணியைக் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை வாடிக்கையாளரைச் சென்றடையவில்லை என்று பரவலாகக் கூறப்படுகிறது. சாயம் கரைந்தது, முறையீடுகள் குவிந்தன, வழக்கு மிரட்டலும் எழுந்தது. பின்னர், சாயம் கரைவது உறுதி என்றே விளம்பரம் செய்யப்பட்டது. துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து புது எழில் பெறும் துணியாக அது விரும்பி வாங்கப்பட்டது. துணியும் சாயமும் மாறவில்லை. சொல்லாமல் விடப்பட்டபோது குறையாக இருந்தது, வெளிப்படையாகச் சொல்லப்பட்டபோது சிறப்பாயிற்று.

பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். ஓலை ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிறம் வெளுக்கும். இவற்றைத் தொலைவிடங்களுக்கு அனுப்புவோர், இவ்வியல்புகளைப் பொருளோடு இணைக்கும் சீட்டிலேயே எழுதிவிடுவது நன்று. முறையீடு வந்தபின் அதன் இழப்பை முடைந்தவர்மீது சுமத்துவதைவிட, உண்மையை முன்னரே கூறுவது அறத்திற்கும் வணிகத்திற்கும் ஒருங்கே உகந்ததாகும்.